கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட வெளி: வெள்ளிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழாய்வு தொடாத பொருள் இல்லை என்பார்கள். சங்க இலக்கியத்தில் உப்பு, சங்க இலக்கியத்தில் எருமை என்று ஏடுகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் மின்கிட்டாரின் கம்பி, ஃப்ரெட் எனப்படும் மெட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், அந்த உயரத்தை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தாண்டிப் போகிறவர்களின் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து எப்படித் திருத்துவது என்ற வினா மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்தின் கண்ணிலும் படவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நெறியாளர் இல்லை, நிதிநல்கை இல்லை. வாய்மொழித் தேர்வு மட்டும் தினமும் வீட்டில் நடந்தது.

ஆய்வுப்பொருளின் எல்லையை முதலில் வரையறுப்போம். கிட்டார்காரர்கள் இந்த உயரத்தை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். ஃப்ரெட்டின் முகட்டிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை அளப்பது வழக்கம். எந்த ஃப்ரெட்டின் மேல் அளப்பது என்பதிலேயே, கிட்டார் நிறுவனங்களாகிய பேராசான்கள் இருவரும் வேறுபடுகிறார்கள். கிப்சன் மரபு 12ஆம் ஃப்ரெட்டில் அளந்து, தடித்த கம்பிக்கு ஏறத்தாழ 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.2 மி.மீ. என்று விதிக்கிறது. ஃபெண்டர் மரபு 17ஆம் ஃப்ரெட்டுக்குப் போய், வழக்கமான வளைவுள்ள கழுத்துகளில் இரண்டு ஓரத்துக்கும் 1.6 மி.மீ. என்கிறது. இவ்விரண்டு மரபையும் கலந்து, 12இல் அளக்க வேண்டியதை 17இல் அளந்து, வந்த எண்ணைக் கண்டு அதிர்ந்து, கிட்டாரே கோளாறு என்று முடிவு கட்டியவர்கள் பலர். பாடவேறுபாடு பார்க்காமல் பதிப்பித்தால் இப்படித்தான் ஆகும்.

இயல் ஒன்று: களமும் காலமும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாகக் கல்வராயன் மலை நிற்கிறது. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை. இம்மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976 ஜூன் 25 அன்றுதான் அவர்களிடமிருந்து விடுபட்டது. ஆறு கம்பிக்கும் தனித்தனியே உயரம் திருத்தும் ஏற்பாட்டுடன் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வெளிவந்தது 1954இல். அதாவது இம்மலையின் விடுதலைக்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே கிட்டார் கம்பிகளுக்குத் தன்னாட்சி கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்றால் இல்லை. ஆயினும் முதல் இயல் வரலாற்றுப் பின்னணியாக அமைய வேண்டும் என்பது ஆய்வேட்டு மரபு. மரபை மீற நமக்குத் துணிவில்லை.

தொடர்புள்ளது தட்பவெப்பம். மலையின் பெரும்பகுதி 2000 அடிக்கும் 3000 அடிக்கும் இடைப்பட்ட உயரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துவைத்துப் போட்ட துணி காய நாள் பிடிக்கும். சித்திரையில் அதே கொடியில் துணி முறுகிப் போகும். கிட்டாரின் கழுத்து மரம். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். மெருகு பூசியிருந்தாலும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு அது முழுதும் தப்புவதில்லை. எனவே ஐப்பசியில் சரியாக இருந்த உயரம் பங்குனியில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கருவி ஒன்றுதான், பருவத்துக்கு ஒரு கழுத்து.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருவி, அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது விட்டுச் சென்ற ஸ்ட்ராட் வகைக் கிட்டார். கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வெக்கையிலிருந்து பேருந்தில் மலையேறி வந்தது. “மாமா, ஆக்‌ஷன் ஏறிப்போச்சு, கொஞ்சம் இறக்கி வையுங்க” என்று தொலைபேசியில் சொன்னான். இந்த ஒரு தொடரில் ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு எத்தனை மி.மீ. என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

இயல் இரண்டு: முன்னோர் மொழி

தமிழ் இலக்கியத்தில் நரம்புக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்துக் குறை சொன்ன முதல் பெரிய நிபுணன் சீவகன். திருத்தக்கதேவர் இயற்றி, உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இது வருகிறது. யாழ்ப்போட்டிக்கு வந்தவனிடம் யாழ்களை நீட்டுகிறார்கள். அவன் வாசிக்கத் தொடங்குவதில்லை; முதலில் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று கெட்டது, ஒன்று தீப்பட்டது, ஒன்று இடி விழுந்தது என்று மரத்தின் பூர்வீகத்தையே சொல்கிறான். நரம்பிலும் மயிர் இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். பழைய இசைமரபு நரம்புக்குச் சொன்ன குற்றங்கள் நான்கு: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. கவனிக்க வேண்டியது, வாசிப்பவனின் குற்றம் இந்தப் பட்டியலில் இல்லை. இன்றும் இசைக்கடைகளில் கருவியைக் குறை சொல்லி வாசிக்காமல் வெளியேறும் இளைஞர்கள் அனைவரும் சீவகன் வழிவந்தவர்களே. ஒரு வேற்றுமை, சீவகன் பிறகு வாசிக்கவும் செய்தான், வென்றான், வித்தியாதர இளவரசியை மணந்தான். கருவி பழுதுபார்த்ததன் பயனாகத் திருமணம் நடந்த நிகழ்ச்சி தமிழில் இது ஒன்றே என்று நினைக்கிறேன்.

ஆனால் யாழுக்கு ஃப்ரெட் இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு, அழுத்த வேண்டியதில்லை, எனவே நம்முடைய சிக்கல் சீவகனுக்கு எழவே இல்லை. அது எழுவது வீணையில்தான். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் கருமை கலந்த மெழுகில் பதிந்து நிற்கின்றன. மெழுகு இளகி, தேய்ந்து, நாதம் கெட்டால், கைவினைஞர் பழையதை எடுத்துவிட்டு ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மீண்டும் பதிக்கிறார். இதுவும் உயரம் திருத்தும் கலைதான், தலைகீழாக. வீணைக்காரர் கம்பியை விட்டுவிட்டு மெட்டை ஏற்றி இறக்குகிறார். கிட்டாரில் மெட்டு மரத்தில் அறைந்து உறைந்துவிட்டதால் கம்பியைத்தான் ஏற்றி இறக்க முடியும். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடத்தில் பாயில் உட்கார்ந்து செய்யும் கிட்டார் திருத்தத்துக்கு எந்தக் குறியீடும் கிடைக்கவில்லை.

இயல் மூன்று: நூற்பாவும் உரையும்

இத்துறைக்கு இலக்கணம் இல்லாத நிலையில் யாமே ஒன்று யாத்தனம்:

சுருதி முந்தும்; கழுத்ததன் பின்னே;
நட்டினை நோக்கி, நயமாய்ச் சேடிலைத்
திருகுதல் அடுத்து; தீர்ந்தபின் இசைவே;
முறைபிறழ் வோர்க்கு முழுநாள் போமே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், கம்பியுயரம் திருத்துவார்க்குப் பணிகளின் வரிசை உணர்த்துதல் நுதலிற்று. நட்டு என்பது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி அமரும் பள்ளக்கட்டை; சேடில் என்பது உடற்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் இருக்கை. ‘நட்டினை நோக்கி’ என்றதல்லது ‘தொட்டு’ என்று கூறாமையின், நட்டைப் பார்த்தலே அன்றி அறுத்தல் விலக்கு என்பது பெறப்படும். ‘நயமாய்’ என்றது மிகை. அம்மிகையானே, சாப்பாட்டுக்கு மூன்றாம் முறை அழைக்கப்பட்ட நிலையில் திருகற்க என்பதும் கொள்க. ‘முழுநாள்’ என ஒருமையாற் கூறினும், இரண்டு நாள் போதலும் உண்டு. அது இலேசினாற் கொள்ளப்படும்.

இனித் தடை. உயரத்தைத் திருத்தப் புகுந்தவன் முதலில் சுருதி சேர்ப்பானேன் எனின், விடை வருமாறு. வழக்கமான 10-46 அளவுக் கம்பி ஆறும் முழுச் சுருதியில் நிற்கும்போது கழுத்தை இழுக்கும் விசை மொத்தம் 45 கிலோவுக்கு மேல். அந்த இழுப்பில் கழுத்து வளைந்து நிற்கும் நிலைதான் வாசிக்கும் நிலை. கம்பி தளர்ந்து கிடக்கையில் அளப்பவன் வேறொரு கழுத்தை அளக்கிறான். அப்படியே, கிட்டாரைப் பாயில் மல்லாக்கப் போட்டு அளப்பவனும். மடியில் வைத்து, வாசிக்கும் கோலத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ளோர் இக்கோலத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

அளவுகோலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் உதவாது. அதில் பூச்சியம் விளிம்பிலிருந்து தொடங்காமல் சற்று உள்ளே தள்ளித் தொடங்கும். நாம் தேடும் மொத்த உயரமே அந்த விளிம்புக்குள் அடங்கிவிடும். விளிம்பிலேயே பூச்சியம் தொடங்கும் எஃகு ஸ்கேல் வேண்டும். அதுவும் கிடைக்காதபோது வங்கி கைகொடுக்கிறது. ஏடிஎம் அட்டையின் தடிமன் உலகெங்கும் 0.76 மி.மீ. என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 1.52 மி.மீ.; ஃபெண்டர் சொல்லும் 1.6க்கு மயிரிழை தூரம். எண்கள் புடைத்து நிற்கும் பகுதியை விலக்கி, வழவழப்பான ஓரத்தை நுழைக்க வேண்டும். கணக்கில் இருப்புத் தொகை எவ்வளவு என்பதால் தடிமன் மாறுவதில்லை.

இயல் நான்கு: அலன் கீ குறித்த கோட்பாடு

இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு இந்த இயலில் இருக்கிறது. மற்ற இயல்களைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் படிக்கலாம்.

ஆசியத் தயாரிப்பான ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் சேடிலின் உயரத் திருகுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. அலன் கீ என்ற அறுகோணச் சாவி வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் அதைவிடச் சிறிய 0.050 அங்குலம். இவ்வளவு மெல்லிய சாவி எந்த வீட்டிலும் தங்காது. கிட்டாருடன் வந்தது முதல் வாரத்திலேயே சோபா இடுக்கிலோ பரண்மேலோ சேர்ந்துவிடும். வீட்டில் தங்குவது சைக்கிளுக்கும், பெட்டியில் வந்த கட்டில் மேசை பூட்டுவதற்கும் வாங்கிய 4, 5, 6 மி.மீ. சாவிகள். இவற்றில் ஏதாவது ஒன்று கிட்டாரில் எங்காவது பொருந்துமா என்று பார்ப்பது மனித இயல்பு. பொருந்தும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியின் தலைக்கு 4 அல்லது 5 மி.மீ. சாவி கச்சிதமாகப் போய் உட்காரும்.

இதிலிருந்து பிறப்பதே பெரும்பிழை. கையிலிருக்கும் சாவி எந்தத் துளையில் நுழைகிறதோ அந்தத் துளையில்தான் கோளாறு இருக்கிறது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. கம்பி உயரமாக இருக்கிறது. டிரஸ் ராடைத் திருகினால் இறங்குகிறது. எனவே டிரஸ் ராட் உயரம் திருத்தும் கருவி என்ற முடிவு. இந்த வாதத்தில் மூன்று உறுப்பும் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன, முடிவு மட்டும் தவறு. டிரஸ் ராடின் வேலை கழுத்தின் வளைவைக் கட்டுப்படுத்துவது. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ இதற்குக் காப்புரிமை பெற்றது 1923இல். மின்கிட்டார் சந்தைக்கு வருவதற்கே அப்போது சில ஆண்டுகள் பாக்கி. கம்பிகளின் இழுப்புக்கு எதிர் இழுப்பாகக் கழுத்தின் உள்ளேயிருந்து வேலை செய்வது அது. அதை இறுக்கினால் கழுத்து நிமிரும். தளர்த்தினால் கம்பியின் பக்கம் குழியும். நிமிர்வதன் பக்கவிளைவாகக் கம்பி சற்று இறங்குவது உண்மைதான். பக்கவிளைவை மருந்தாக எடுத்துக்கொண்டவர்களின் கிட்டார்களில், முதல் சில ஃப்ரெட்டுகளில் எதைத் தொட்டாலும் ஜிர்ரென்று இரைகிறது.

கழுத்து சரியா என்று பார்க்கும் முறை எளிது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்தால், நடுவில் அக்கம்பியே நேர்க்கோடு போட்ட நூலாகிவிடும். 8ஆம் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஃபெண்டர் சொல்லும் அளவு, வழக்கமான கழுத்துக்கு 0.25 மி.மீ. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். இரண்டு தாள் சேர்ந்து தாராளமாக நுழைந்து, மூன்றாவது முரண்டு பிடித்தால் கழுத்தை விட்டுவிடுங்கள். ஏழெட்டுத் தாள் நுழைந்தாலோ ஒன்றுகூட நுழையாவிட்டாலோ கால் சுற்று திருகி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி பாருங்கள். கால் சுற்றுக்குமேல் ஒரே மூச்சில் போகாதீர்கள். திருகு முரண்டினால் நிறுத்திவிடுங்கள்; சேடில் திருகு கெட்டால் வேறு வாங்கலாம், டிரஸ் ராட் கெட்டால் கழுத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

இயல் ஐந்து: நட்

மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி மயிரிழை விலகி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் நல்லது. நிற்காவிட்டால், அல்லது மிக விலகி நின்றால், அரத்தைத் தேடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இவ்வியல் முற்றிற்று.

இயல் ஆறு: சேடில்

இப்போதுதான் உண்மையில் உயரம் திருத்தப் போகிறோம். ஐந்து இயல்களுக்குப் பிறகு தலைப்புக்கு வருவது ஆய்வேடுகளில் அரிதான வேகம் என்பதைத் தேர்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

1954ஐ ஒட்டி வந்த கிப்சனின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ், அதாவது சேடில்களைச் சுமக்கும் பாலம், கூட்டுக்குடும்பம். இரண்டு ஓரத்திலும் உள்ள சக்கரங்களைத் திருப்பினால் ஆறு பேரும் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள். தனியொருவருக்காக எதுவும் நடக்காது. ஃபெண்டரின் பழைய டெலிகாஸ்டரில் ஆறு கம்பிக்கு மூன்று சேடில். இரண்டிரண்டு பேருக்கு ஓர் அறை. ஸ்ட்ராட் தனிக்குடித்தனம். ஆறு சேடில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயரத் திருகு, ஆகப் பன்னிரண்டு திருகு. இதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் கணக்கியல் படித்து, வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வாசிக்கத் தெரிந்திருந்தால் பன்னிரண்டு திருகு வைத்திருக்க மனம் வந்திராது.

கணக்கைப் பார்ப்போம். மில்லிமீட்டர் அளவில் செய்த எம்3 திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். 12ஆம் ஃப்ரெட் என்பது நட்டுக்கும் சேடிலுக்கும் சரிபாதி. அதனால்தான் அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி ஒலிக்கிறது. கம்பியின் ஒரு முனை நட்டில் நிலையாக இருப்பதால், சேடில் 0.5 ஏறினால் 12இல் 0.25தான் ஏறும். அக்கா மகன் சொன்ன ‘கொஞ்சம்’ அரை மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு திருகுக்கும் இரண்டு முழுச் சுற்று. மிகச் சிறிய அலன் கீயைப் பிடித்து, ஆறிரண்டு பன்னிரண்டு திருகுக்கு இரண்டிரண்டு சுற்று சுற்றும்போது, முறுக்கு சுடுகிறவர்களின் மேல் மரியாதை பிறக்கிறது.

ஒரு சேடிலின் இரண்டு திருகும் சமமாக ஏற வேண்டும். இல்லையேல் சேடில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். ஏற்றும்போது கம்பியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் திருகின் மரை தேயாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சுருதி கலைந்திருக்கும். சேர்த்த பிறகே அளக்க வேண்டும். ஃப்ரெட் பலகை தட்டை அன்று, குறுக்கே மெல்லிய வில்லாக வளைந்தது. ஃபெண்டரின் பழைய கழுத்துகளில் அந்த வளைவின் ஆரம் 7.25 அங்குலம், இக்காலத்தவற்றில் பெரும்பாலும் 9.5. ஆறு சேடிலும் சேர்ந்து அதே வில்லை வரைய வேண்டும். நடுக் கம்பிகள் சற்று உயர்ந்து, ஓரக் கம்பிகள் தாழ்ந்து நிற்பதைப் பார்த்து, ‘கோணலாக இருக்கிறதே’ என்று ஆறையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் ஒழுங்குவாதிகள் இருக்கிறார்கள். அவர்களை அளவுநாடாவிலிருந்து விலக்கி வைப்பது நலம்.

தடித்த கம்பிக்கு ஏன் அதிக உயரம் என்ற வினாவும் எழும். அது அகலமாக வீசி அதிரும். அதற்கு இடம் வேண்டும். மெல்லியது ஒடுங்கி அதிரும்.

இயல் ஏழு: இரைச்சலின் மெய்யியல்

எவ்வளவு இறக்கலாம்? இந்த வினாவில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முதலாவது தாழ்வுவாதம். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், விரல் பட்டாலே சுரம் வர வேண்டும், அதுவே முக்தி என்பது இவர்கள் கொள்கை. வேகமாக வாசிக்க விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் இக்கட்சி. இரண்டாவது உயர்வுவாதம். கம்பிக்கு இடம் கொடுத்தால்தான் நாதம் கொடுக்கும். விரல் காய்ப்புக் காய்ச்சாதவன் கலைஞனல்லன் என்பது இவர்கள் கொள்கை. தாழ்வுவாதிகளின் கிட்டார் இரைகிறது; உயர்வுவாதிகளின் விரல் வீங்குகிறது. உயர்வுவாதிகளுக்குப் பேராதரவாக இருப்பவை கோட்டுவாத்தியமும் ஹவாயன் கிட்டாரும். அவற்றில் கம்பியை ஃப்ரெட்டோடு சேர்த்து அழுத்துவதே இல்லை, மேலே கட்டையோ உருளையோ வழுக்கிச் செல்கிறது. அங்கே உயரம் குற்றமில்லை, தேவை. ஆனால் அதை எடுத்துக்காட்டி ஸ்ட்ராட்டில் 4 மி.மீ. வைப்பவர் வேறு வழக்கின் தீர்ப்பை இந்த வழக்கில் காட்டுகிறார்.

எம்முடைய நிலைப்பாடு, தமிழ்ச் செவிக்குத் தாழ்வுவாதம் ஒத்துவராது என்பது. காரணம் கமகம். கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கலாம் என்று காட்டியவர்கள் நம்மிடையே உண்டு. சுகுமார் பிரசாத் ஒருவர், ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டுக் கிட்டாருக்கு வந்த ஆர். பிரசன்னா ஒருவர். மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அதே வேலையை ஐந்து ஒற்றைக் கம்பி பூட்டிய மின்மேண்டலினில் செய்தார். ஒரே ஃப்ரெட்டில் நின்றுகொண்டு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரத்தைத் தொடுவது வீணையின் வழி. கிட்டாரிலும் அது முடியும். இழுக்க வேண்டுமானால் விரல் நுனி கம்பியின் பக்கத்தைப் பற்ற வேண்டும். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தால் விரல் அதன் மேலேறி நழுவும், பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகும். அதோடு, வளைவான பலகையில் இழுபடும் கம்பி வில்லின் முதுகைத் தாண்டும்போது மேலுள்ள ஃப்ரெட்டில் இடித்து, சுரம் பாதியில் செத்துவிடும். பழைய 7.25 அங்குலக் கழுத்துகளில் இது பேர்போன வியாதி. தோடி வாசிக்கும் எண்ணமுள்ளவர் அரை மில்லிமீட்டர் விரல்வலியை ஏற்றுக்கொள்வதே முறை. எண்ணம் மட்டும் உள்ளவரும் ஏற்றுக்கொள்ளலாம்.

உயர்வுவாதிகள் இதைப் படித்து மகிழ வேண்டாம். உயரத்தில் நிற்கும் கம்பியைக் கீழே அழுத்தும்போது அது கூடுதலாக நீள்கிறது. நீண்டால் இழுவிசை ஏறும். சுரம் சற்று மேலே போய்விடும். திறந்த கம்பி சுத்தமாகச் சுருதியில் நிற்க, அழுத்திய சுரம் மட்டும் அபசுரமாவது இதனால்தான். பழியை ட்யூனர்மேல் போடுவார்கள்.

இனி இரைச்சல். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கேட்டது ஆய்வுக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது: “என்னா தம்பி, அது ஈ சிக்குன மாதிரி ஜிர்ருங்குது?” கூர்மையான கள அவதானிப்பு. ஆனால் அந்த ஈயைத் தேடிப் போய் நுழைத்து வைக்கும் கருவியும் நம்மிடம் இருக்கிறது. தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே சிறு நூலிழையைச் செருகுகிறார்கள். ஜீவா என்பார்கள். அந்த நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும் கம்பி குதிரையின் பரப்பை நீவி நீவி அதிர்ந்து, அந்தச் சுருதிப் பெருக்கு எழுகிறது. கிட்டாரில் எதைத் துரத்த ஒரு பகல் முழுதும் திருகுகிறோமோ, தம்புராவில் அதை அழைக்க நூல் வைக்கிறார்கள். எனவே இரைச்சல் பொதுவில் குற்றம் என்று சொல்ல இயலாது. நாம் கேட்காத இடத்தில் வருவதே குற்றம்.

இதற்கு ஒரு நடைமுறை விதியும் உண்டு. ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் கேட்காத இரைச்சல் இரைச்சலே அன்று. மின்கிட்டாரின் ஒலி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வழியாகப் போகிறது. ஃப்ரெட்டில் கம்பி இலேசாக உரசும் சத்தம் அறையில் கேட்டாலும் ஆம்பில் பெரும்பாலும் தெரிவதில்லை. கரண்ட் இருக்கும்போது கிட்டார் குணமாகிவிடுகிறது, கரண்ட் போனதும் நோய் திரும்பிவிடுகிறது. மழைக்காலத்து மாலையில், ஆம்ப் ஊமையான நேரத்தில் அலன் கீயை எடுப்பவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறார். கரண்ட் வரட்டும். வந்த பிறகும் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், நீங்கள் வழக்கமாக மீட்டும் வேகத்தில் மீட்டிப் பாருங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அது உயரத்தின் பிழையன்று, அந்த ஃப்ரெட் அல்லது அதன் மேலண்டை வீட்டுக்காரர் தூக்கி நிற்கிறார் என்று பொருள். முதல் சில ஃப்ரெட்டில் மட்டும் என்றால் கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கலாம். எல்லா இடத்திலும் என்றால்தான் சேடிலைக் கேட்க வேண்டும்.

பிக்கப்பும் ஒரு சந்தேக நபர். ஸ்ட்ராட்டின் பிக்கப்புகளில் காந்தக் கோல்கள் நிற்கின்றன. அவை கம்பிக்கு மிக நெருங்கினால் தடித்த கம்பியைப் பிடித்திழுத்து, சுருதி தள்ளாடுவது போன்ற ஒலியை உண்டாக்கும். கம்பியை இறக்கியவர் பிக்கப்பையும் சேர்த்து இறக்க மறந்தால் இந்த நோய் புதிதாக வரும்.

இயல் எட்டு: இசைவு

உயரம் மாறினால் கம்பியின் நீளமும் சுரமும் இலேசாக மாறும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை விரலால் பூப்போலத் தொட்டு எழுப்பும் மெல்லொலியையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னோக்கித் தள்ளிக் கம்பியை நீட்டுங்கள். இறங்கி நின்றால் முன்னோக்கி. இந்தத் திருகுக்கு அலன் கீ வேண்டாம், நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் போதும். அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. இதனாலேயே இந்த இயலைச் சிலர் முதல் இயலாகச் செய்துவிடுகிறார்கள். நான்காம் இயலின் கோட்பாடு இங்கும் செல்லும் என்க.

முடிபு

பன்னிரண்டு திருகும் ஓய்ந்தபின், 12ஆம் ஃப்ரெட்டில், வெள்ளிமலையில் இந்தக் கிட்டாருக்கு வந்து நின்ற உயரம் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.5 மி.மீ. ஆறாம் இயலின் கணக்குப்படி ‘கொஞ்சம்’ என்பது இங்கே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், கருதுகோள் நிறுவப்பட்டது. இந்த எண்கள் இந்தக் கழுத்துக்கும், இந்தக் கம்பிக்கும், மழை நின்ற இந்த மாதத்துக்கும் உரியவை. இதைப் பார்த்துச் சென்னையிலோ சேலத்திலோ யாரும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். சித்திரையில் இங்கேயே மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

எதிர்கால ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் திருகையும் தொடுவதற்கு முன், இப்போதிருக்கும் உயரத்தை ஆறு கம்பிக்கும் அளந்து ஒரு தாளில் எழுதி, கிட்டார் பையிலேயே போட்டு வையுங்கள். திரும்பிப் போக வழி தெரிந்தவர் தைரியமாகத் திருகலாம். அப்படி எழுதி வைக்காதவர் எவரும் இக்கட்டுரைக்கு மறுப்பு அனுப்ப வேண்டாம், பரிசீலிக்கப்பட மாட்டாது.